கரிசல் வெடிப்புக்கு ஒரு டார்ச் லைட்

காலை 6.20. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கினபோது தோளில் ஒரு பை, கையில் ஒரு கறுப்புக் குடை, மண்டைக்குள் தங்கச்சியின் உத்தரவு. முந்தின நாள் சாயங்காலம் எழும்பூரில் நான் ரயில் ஏறப் போகும் நேரம் பார்த்து செண்பகம் போன் பண்ணியிருந்தாள்.

"அக்கா, வரும்போது கோவில்பட்டியில ஒரு டார்ச் லைட் வாங்கிட்டு வா. வெளிச்சம் கண்ணைப் பறிக்கணும். ஆயிரம் ரூவாய்க்கு மேல போயிராத. மழைக்கு முன்னால வந்து சேரு."

"டார்ச்சுக்கும் மழைக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன். அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவள் புருஷன் முத்தையாவுக்கு எட்டு வருஷமாகக் காது மந்தம். "சாம்பார்ல உப்பு இருக்கா?" என்று இவள் அவரிடம் கேட்டால், எதிர்வீட்டுக்காரி "எங்க வீட்டுல இருக்கு தாயி" என்று பதில் சொல்லுவாள். அப்படி ஒரு சத்தம். ஒரு மாசத்துக்கு முன்னால்தான் திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டி, இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்குக் காது மிஷின் வாங்கி மாட்டினார்கள். அந்த மிஷின் இப்போது அவர்கள் பருத்திக் காட்டில், கரிசல் வெடிப்புக்குள் கிடக்கிறது.

விழுந்த கதை கேளுங்கள். வேர்வை பட்டால் மிஷின் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மனுஷன் அதை அப்படியே கடைப்பிடித்து, காட்டில் வேர்த்ததும் மிஷினைக் கழற்றி, பத்திரமாகத் துண்டில் பொதிந்து, வரப்பில் வைத்திருக்கிறார். புறப்படும்போது பழக்கதோஷம், துண்டை எடுத்து ரெண்டு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது வருஷமாக உதறின கை, அது சும்மா இருக்குமா?

இந்தப் பக்கத்து மண்ணைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்பில் முழங்கை வரை போகும், சிலதில் என் குடையே போகும். ஒரு நல்ல மழை பெய்தால் மண் உப்பி எல்லாம் மூடிக்கொள்ளும். உள்ளே விழுந்தது விழுந்ததுதான். தோண்டலாமே என்று நானும் கேட்டேன். தோண்டினால் மண் சரிந்து வெடிப்பை அடைத்துவிடுமாம்.

"எனக்கு ரூவா கூடப் பெரிசில்லக்கா," என்றாள் போனில். "அந்த மிஷின் இருந்த ஒரு மாசம்தான் நான் அவியகிட்ட மெதுவாப் பேசினேன். அதுக்கு முன்னால புருஷன்கிட்ட ரகசியம் பேசி எட்டு வருஷமாச்சு எனக்கு." ரயிலில் ராத்திரி முழுக்க இதுவேதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

9.10. நாலு இட்லி, ஒரு காபி, ஐம்பத்தைந்து ரூபாய். கடைவீதியில் எலெக்ட்ரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன்.

"இருக்கதுலயே வெளிச்சம் கூடின லைட் எடுங்க அண்ணாச்சி."

முயல்குட்டி கனத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். கைப்பிடி, தோள் வார், பக்கவாட்டில் ஒரு சிவப்பு விளக்கு வேறு. அட்டையில் பத்தாயிரம் லூமென்ஸ் என்று போட்டிருந்தது. கடைக்குள் சுவரில் அடித்துக் காட்டினார். அடேயப்பா, பகலிலேயே கண் கூசியது. விலை ஆயிரத்து இருநூறு. இருநூறுதானே, நாம் போட்டுக்கொள்ளலாம் என்று பர்ஸைத் திறந்தேன்.

"எங்கன அடிக்கப் போறீய? பன்னி விரட்டவா?" என்றார்.

"கரிசல் வெடிப்புக்குள்ள அண்ணாச்சி." நடந்ததைச் சொன்னேன்.

கையிலிருந்த லைட்டை டக்கென்று அணைத்துவிட்டார். "மொதல்லயே சொல்லப்படாதா? வெள்ளைச் சுவத்துல அடிச்சா எல்லா லைட்டும் பிரமாதமாத்தான் இருக்கும். கரிசல் வெளிச்சத்தைக் குடிச்சிருமே! அந்தக் குடையக் குடுங்க."

என் குடையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூவைப் போட்டார். பெரிய லைட்டை அடித்தார். குடையின் விளிம்பெல்லாம் ஜெகஜோதி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை, அந்த விளிம்பு வெளிச்சமே என் கண்ணை மறைத்தது. "அகலமாப் பரவுற லைட்டு இது. வீட்டு முத்தம் பூரா காட்டும், குழிக்குள்ள எறங்காது. ரெண்டு நிமிசத்துல சூடாகி, தானாவே மங்கிரும். லூமென்ஸ் எல்லாம் அட்டையில எழுதிக்கிடுததுதானே."

அடுத்து ஒரு சாண் நீளத்தில் ஒன்றை எடுத்தார். இரும்புக் குழல் போல ஒடுக்கம். தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் சுருங்கி ஒரே கோடாகப் போகிறது. குடைக்குள் அடித்ததும் ஸ்க்ரூவின் மரையை நான் எண்ணலாம் போலிருந்தது.

"இதுதான் அண்ணாச்சி! எவ்வளவு?"

"எண்ணூத்தம்பது."

"எழுநூறு."

"யக்கா, குடையப் பிடிச்சு வித்தை காட்டியிருக்கேன், அதுக்குக் கூலி இல்லையா?" என்று சிரித்தார். எழுநூற்று எண்பதுக்கு முடிந்தது. போன் சார்ஜர் ஒயரிலேயே சார்ஜ் ஏறும். பாதிதான் ஏறியிருக்கிறது என்று கடையிலேயே முக்கால் மணி நேரம் போட்டுக் கொடுத்தார். அந்த நேரத்தில் நான் அரைக் கிலோ கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டேன்.

10.35. விளாத்திகுளம் பஸ். எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளத்துக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் இறங்கவேண்டும். ஊர்ப் பெயரை எழுதக் கூடாதென்று செண்பகம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ரெண்டு பக்கமும் காய்ந்த பருத்திமார் பிடுங்கின வெறுங்காடு. மேற்கே ஒரு மேகம் கிளம்பியிருந்தது. "இன்னைக்குப் பெய்யுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். "பெஞ்சா நல்லதுதானே" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல வந்தது.

12.15. காடு. முத்தையா ஒரு உடைமரத்தடியில் நின்றிருந்தார். அவர் மூஞ்சியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தம்பி, கவலைப்படாதீங்க!"

"என்னது?"

"கவலைப்படாதீங்க!" நான் கத்தினேன்.

"வலையா? வலை எதுக்கு மதினி?"

சரிதான் போ என்று வேலையைத் தொடங்கினோம். அவர் துண்டு உதறின இடத்தைச் சுற்றிப் பதினாலு வெடிப்பு. நான் குப்புறப் படுத்து, வெயில் கண்ணில் படாமல் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டு, ஒவ்வொன்றாக டார்ச்சை இறக்கினேன். அண்ணாச்சி வாழ்க, நாலடி ஆழத்தில் எறும்பு ஊருவது தெரிந்தது. ஒரு பீடித்துண்டு, ஒரு பருத்திக்கொட்டை, செத்த தேள் ஒன்று, எல்லாம் கண்டுபிடித்தேன். மிஷினைக் காணோம்.

இதற்கிடையில் செண்பகம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தாள். "அங்கன இல்ல, இங்கன! ஏங்க, இங்கன மிதிக்காதீங்க! மண்ணு விழுதுல்லா!" அவர் பதிலுக்கு "என்னது?" என்று கத்துவார். நடுவில் நானும் கத்துவேன். அந்த வீட்டில் கால் வைத்தாலே எனக்கும் குரல் தானாகக் கூடிவிடும். பதினாலையும் ரெண்டு சுற்றுப் பார்த்தாகிவிட்டது. மேகம் தலைக்கு மேல் வந்து, வெயில் இறங்கிவிட்டது.

2.40. செண்பகத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அலுத்துப்போய்ப் பேச்சை நிறுத்தினேன். எட்டு வருஷத்தில் நான் பார்க்க அந்தக் குடும்பம் சத்தமில்லாமல் இருந்தது அந்த ஒரு நிமிஷமாகத்தான் இருக்கும்.

கீ... என்று மெல்லிசாக ஒரு சத்தம். சில்வண்டு என்று நினைத்தேன்.

செண்பகம் துள்ளி எழுந்தாள். கையைக் காதருகே வைத்து எனக்குச் சாடை காட்டினாள். பிறகுதான் புரிந்தது. காதிலிருந்து கழற்றி, அணைக்காமல் இடுக்கில் வைத்தால் அந்த மிஷின் இப்படித்தான் கத்துமாம். விழுந்ததிலிருந்து அது உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர்கள் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து போனோம். ஏழாவது வெடிப்பு. ரெண்டு தடவை பார்த்த வெடிப்பு! டார்ச்சைச் சாய்த்து, ஒளியைச் சுருக்கி, பக்கவாட்டில் அடித்தேன். ரெண்டடிக்குக் கீழே ஒரு மண் திட்டு, அதன் அடியில் ஒளிந்துகொண்டு, கண்ணாடி நரம்பு மாதிரி, காதுக்குள் போகும் மிஷினின் மெல்லிய குழாய் மினுங்கியது.

"இருக்கு!" என்று நான் கத்தினது முத்தையாவுக்கே கேட்டது.

எடுக்க ஒரு கொக்கி வேண்டுமே. முத்தையா என் குடையைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன். இருநூற்று அறுபது ரூபாய்க் குடை. "உடைங்க தம்பி" என்றேன். ஒரு கம்பியைப் பிடுங்கி, நுனியை வளைத்து உள்ளே விட்டார். குழாயில் மாட்டித் தூக்கினார். மேலே வந்ததும், மண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தார் பாருங்கள், நாங்கள் ரெண்டு பேரும் பாய்ந்து அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டோம்.

ஊதித் துடைத்து மாட்டிக்கொண்டார். வானம் உறுமியது. "மதினி, இடி இடிக்குது," என்றார், ஏதோ எங்களுக்குத் தெரியாத சேதி போல. அடுத்த நிமிஷம் கொட்டித் தீர்த்தது. ஒரு பக்கம் தொங்கின குடைக்குள் மூணு பேரும் நனைந்துகொண்டே ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது ஏழாவது வெடிப்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை 7.30. பஸ் நிறுத்தம். டார்ச்சை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். செண்பகத்துக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்ததும் முத்தையா பக்கம் சாய்ந்து என்னமோ முணுமுணுத்தாள். அவர் சிரித்தார். சும்மா சிரிப்பில்லை, தோள் குலுங்க, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

"என்னடி சொன்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா, நீ ஏறு" என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, எட்டயபுரம் வரை அதையே யோசித்தேன். குரோம்பேட்டையில் நானும் என் வீட்டுக்காரரும் நாலு பேருக்குக் கொடுக்கும் அளவுக்குக் காது வைத்திருக்கிறோம், ரகசியம்தான் இல்லை. என்னைப் பற்றித்தான் அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், நிச்சயம். கோபம் வரவேண்டும், வரவில்லை. எட்டு வருஷமாக என் தங்கச்சி தன் புருஷனிடம் பேசின அத்தனையும் எனக்குக் கேட்டது, இது ஒன்றுதான் கேட்கவில்லை.