சோதனைக்கென்று சொல்லி வாங்கிய தாளம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என் கணவர் சார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தபோது, இந்த முறை வளையல் வேண்டாம், ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் வீட்டில் அது பெரிய பேச்சாகிவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்துச் சர்ச்சுகளின் பாடகர் குழுக்களுக்குக் கேசட்டும் பதிவு செய்து கொடுப்பேன். கம்ப்யூட்டர் வந்தால் எல்லாவற்றையும் நானே ஒருத்தியாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ‘ஒருத்தியாக’ என்ற சொல்லில் யார் விடுபட்டுப்போகிறார் என்று அப்போது யோசிக்கவில்லை.

தாளத்துக்கு ஓர் அண்ணன் வருவார். எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்தான். ஜங்ஷனில் தபால் பிரிக்கிற ஆபீசில் வேலை. கம்பால் தட்டி வாசிக்கிற, எட்டுத் தட்டு உள்ள மின்சார ரிதம் பேடைப் பழைய போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேருவார். ஆறு வருஷமாக நான் பதிவு செய்த அத்தனை பாட்டிலும் அவர் கைதான். அவருக்கு ஷிப்டு மாறினால் பதிவும் தள்ளிப்போகும். குழுவினர் என்னிடம் சலித்துக்கொள்வார்கள். நான் அவரிடம் காட்டிக்கொள்ள மாட்டேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல் இருந்தது.

கம்ப்யூட்டரில் தாளத்தை ஓட்ட, முன்பே யாரோ வாசித்துச் சேமித்துவைத்த மிடி பீட்டுகள் பிளாப்பியில் கிடைக்கும். மிடி என்றால் அதில் ஓசை இருக்காது. எந்தத் தட்டில், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தமாக அடி விழுந்தது என்ற விவரம் மட்டும் இருக்கும். ஓசையை நம் கீபோர்டு கொடுத்துக்கொள்ளும். சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடையிலிருந்து பட்டியலைத் தபாலில் வரவழைத்தேன். ராக், வால்ட்ஸ், லத்தீன், பேலட் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். எது நம் பாட்டுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்து, வேண்டாததைத் திருப்பி அனுப்பலாம் என்று கடைக்காரர் சொன்னதால் ஐந்து பிளாப்பி வரவழைத்தேன். அப்புறம் நான் செய்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம் என்று தேர்ந்தெடுத்துத் தர அந்த அண்ணனையே கூப்பிட்டேன்.

அவர் வழக்கம்போல் பேடோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். தனக்குப் பதிலாக வந்தவனைத் தானே தேர்வு செய்கிறோம் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் ஏனோதானோவென்று சொல்லவில்லை. இது கல்யாணப் பாட்டுக்கு ஆகும், இது மெதுவாக ஓட்டினால் கீர்த்தனைக்கு ஆகும் என்று பிளாப்பியின் மேல் பென்சிலால் குறித்தே கொடுத்தார். நம் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஆறு எண்ணிக்கையில் போகிறவை. அந்த வகையில் வந்திருந்த பீட்டுகளைக் கேட்டபோது மட்டும் சரியில்லை என்று தலையை ஆட்டினார்.

“எல்லா அடியும் சரியாத்தான் விழுது. ஆனா பாடுதவங்க எங்கன மூச்சு எடுப்பாங்க?” என்றார்.

பிறகு, அது எப்படி இருக்கவேண்டும் என்று காட்ட, கைவிரலால் மேசையில் தட்டினார். பேடில் வாசித்துக் காட்டுங்கள் அண்ணே என்றேன். பேடையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற வயர் என்னிடம் இருந்தது. அதை மாட்டினேன். அவர் திரையைப் பார்த்தார்.

“இது பதிவாகுதா?”

“இல்லண்ணே, வயர் வேலை செய்யுதான்னு சும்மா சோதனைதான்.”

அது பொய். சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். அவர் முக்கால் மணி நேரம் வாசித்தார். பதினொரு விதமான தாளம், ஒவ்வொன்றுக்கும் சரணம் திரும்புகிற இடத்தில் போடுகிற உருட்டலோடு. அவர் போன பிறகு திரையில் பார்த்தேன். அவருடைய அடிகள், எண்ணிக்கையைக் காட்டும் கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளியே விழுந்திருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அழுத்திப் பார்த்தேன், தாளத்தின் உயிர் போய்விட்டது. பழையபடியே விட்டு, பதினொன்றையும் சேமித்துக்கொண்டேன். சென்னைப் பிளாப்பிகளில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி அனுப்பினேன்.

அந்த டிசம்பரில் களக்காட்டுப் பக்கத்துப் பாடகர் குழு ஒன்று கிறிஸ்துமஸ் கேசட்டுக்கு வந்தது. அண்ணனைக் கூப்பிடவில்லை. வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிகிற மாதம், அவருக்கு நிமிர நேரமிருக்காது, பாவம் எதற்குத் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுப் பாட்டும் நான்கு நாளில் முடிந்துவிட்டன. ஆறு பாட்டில் அவர் கை ஓடியது. கேசட் அட்டையில் இசை என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

புத்தாண்டு ஆராதனை முடிந்து எங்கள் சர்ச் வளாகத்தில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். அண்ணன் தன் மனைவியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மூன்றாவது பாட்டு தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, யாரையோ தேடுகிற மாதிரி வாசலுக்கு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையில் பேட் இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பைய ஆரம்பித்தார்.

“அந்த மூணாவது பாட்டுல, உருட்டும்போது என் கம்பு பக்கத்துத் தட்டுல பட்டுட்டு. டிங்குன்னு ஒரு சத்தம். ஒவ்வொரு சரணத்துக்கும் அது வருதும்மா. அழிச்சிருக்கக் கூடாதா?”

நான் அதைக் கவனித்திருந்தேன். கேட்க அழகாக இருந்ததால் விட்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“யாருக்கும் தெரியாதுண்ணே. உங்க பேர்தான் அதுல போடலையே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “அதுவும் சரிதான்” என்று எழுந்து போனார்.

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டே தீரவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே டேப்ரிக்கார்டரில் அதே கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

“இவுகளைப் பாருங்க, எப்ப வந்து வாசிச்சாகன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கேட்டவுடனே கண்டுபிடிச்சிட்டேன்லா. அப்புறந்தான் ஆமா, ரெண்டு நாள் போயி வாசிச்சேன்னு சொல்லுதாக” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் உள்ளறையிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார். எனக்காகச் சொன்ன பொய்யா, தன் மானத்துக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் முன்னால் மன்னிப்புக் கேட்டால் அண்ணன் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். அந்த அம்மா கொடுத்த முறுக்கையும் காப்பியையும் சாப்பிட்டேன். அண்ணன் பேரைப் போட விட்டுப்போச்சு, அடுத்த கேசட்டில் போடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

வழியனுப்ப அண்ணன் தெருமுனை வரை வந்தார்.

“நான் செஞ்சது தப்புண்ணே. சோதனைன்னு பொய் சொல்லி எடுத்துக்கிட்டேன்” என்றேன்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா” என்றார். குரலில் கோபமில்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து பதினொரு பீட்டையும் அழித்துவிட உட்கார்ந்தேன். அவரைக் கேட்காமல் அழிப்பதும் இன்னொரு திருட்டு மாதிரித் தோன்றியது. என்னிடம் பிரதி வைத்துக்கொள்ளாமல் ஒரு பிளாப்பியில் ஏற்றி, மேலே அவர் பேரை எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தவக்காலத்தில் அடுத்த கேசட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தார், ஆனால் பேடைக் கொண்டுவரவில்லை. டோலக் கொண்டுவந்திருந்தார். “மைக் வச்சிரும்மா” என்றார். டோலக்கில் வயர் மாட்ட இடமில்லை. அதை நினைத்துத்தான் கொண்டுவந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அட்டையில் போட அவர் பேரை அவர் கையாலேயே எழுதி வாங்கினேன்.

முதல் பாட்டின்போது தெருவில் உப்பு வண்டிக்காரர் கூவினார். இரண்டாம் முறை ஜன்னலில் காகம். மூன்றாம் முறை பாடகி வரியை மறந்தாள். அண்ணன் சலிக்காமல் டோலக்கை மடியில் சரிசெய்துகொண்டு நான்காம் முறை தொடங்கினார். அந்த நேரத்திலும், அவர் தாளம் என்னிடம் பிளாப்பியில் இருந்திருந்தால் இந்தப் பாட்டு இந்நேரம் முடிந்திருக்கும் என்று என் மனசு கணக்குப் போட்டது.