பார்த்தவர் பெயர்

இல்லை, அவர் பேராசிரியை அல்ல. இரங்கல் கூட்டத்துக்கு அச்சடித்த தாளில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். நான் இப்போது வேலை பார்க்கும் திருக்கோவிலூருக்கு அந்தத் தாள் நேற்றுத் தபாலில் வந்தது. தமயந்தி அம்மா மறைந்த செய்தியே அதில்தான் தெரிந்தது. மஞ்சள் காமாலை. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் அவர் தாவரவியல் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவியவர். உயிரோடு இருந்தவரை ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி காட்டாதவர்கள், இறந்ததும் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அங்கே நான் ஆசிரியராகச் சேர்ந்த முதல் மாதம், "ஞாயித்துக்கெழம சும்மாதான சார் இருப்பீங்க? மலைக்கு வாங்க" என்றார் தமயந்தி அம்மா. முதல் பஸ். ஒரு தையல்காரர், தபால் நிலைய எழுத்தர் ஒருவர், அம்மா, நான். வெள்ளிமலையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடப்போம். அங்கே செல்லம்மா சேர்ந்துகொள்வார். கடுக்காய் பொறுக்கி விற்கும் மலைக்காரர். பார்த்ததையெல்லாம் அம்மா ஒரு நீள நோட்டில் எழுதுவார்: மரம், பூவா காயா, நாள், பார்த்தவர் பெயர். கடைசிப் பத்தியில் மட்டும் பிடிவாதம். கடுக்காய் மரம் பூத்திருந்ததைக் காட்டி ஒருமுறை என் பெயரைச் சொன்னேன்.

"பூவப் பாத்தது செல்லம்மா. நீங்க செல்லம்மா காட்டுன கையப் பாத்தீங்க."

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருடங்கள் அவை. ஒரு ஞாயிறு, வழியில் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி, விழுந்த மரங்களையும் எழுதினார்.

"இன்னாம்மா, போலீசுக்கு எழுதிக்கினு இருக்கியா?" என்று மறியல் கூட்டத்தில் ஒருவர் சீண்டினார்.

"நீ கேக்கற ஒதுக்கீடு நாயம்தான்பா. மரம் இன்னா பண்ணுச்சு?"

சீண்டியவர் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அப்போது எங்கும் சாதிச் சான்றிதழ்ப் பேச்சு. செல்லம்மாவின் மகளுக்குத் தாலுகா ஆபீசில் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலைமக்களின் இனப்பெயர் மலையாளி. கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"எம் பேருக்குப் பக்கத்துல மலையாளின்னு சேத்து எழுதும்மா. எந்தக் காயிதத்துல இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒதவும்" என்றார் செல்லம்மா.

எழுதினார். மற்ற மலைக்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் எழுதினார்.

வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று நோட்டின் படியைக் கேட்டது. ஆங்கிலத்தில் படி எடுத்தவன் நான். மலையாளி என்பதை அப்படியே எழுத்துக்கூட்டிப் போட்டேன். விளக்கம் போடவில்லை. தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவன்.

அதை வைத்து அந்த நிறுவனம் போட்ட புத்தகம் வந்தது. மலைக்காரர் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் பார்த்த மரங்களும் இல்லை. ஏன் என்று எழுதிக் கேட்டோம். கேரளத்திலிருந்து வந்தவர்கள் இம்மலையின் மரங்களைச் சரியாக அடையாளம் கண்டிருப்பார்கள் என்று கொள்ள இயலாததால் நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது.

செல்லம்மாவிடம் படித்துக் காட்டினோம்.

"கேரளாவா? நான் கச்சிராயபாளையத்தத் தாண்டுனதில்லியே!" விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "தாலுகா ஆபீசு மாதிரி அங்கியும் இல்லன்னுட்டாங்களா?"

அந்த 'அங்கியும்' இன்றுவரை என்னை விடவில்லை.

விளக்கி மறுபடி எழுதினோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு வரவேயில்லை. முன்னுரையில் அம்மா ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்லியிருந்தது. "அப்ப எம் பேரையும் எடுத்துடுங்க" என்று அவர் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. வருகிற ஞாயிறு இரங்கல் கூட்டத்தில் அம்மா படத்தைத் திறந்துவைத்துப் பேசப்போகிறவர் அந்த நிறுவனத்து ஆள்தான். தாளில் அந்த ஆளின் பெயர்தான் பெரிய எழுத்து.

நான் போகப்போவதில்லை. என் வணக்கம் இங்கேயே. விளக்கம் எழுதாமல் விட்ட கை என்னுடையது, அம்மா. ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அம்மாவின் கடிதத்துக்குப் பதில் வருமென்று காத்திருந்த மாதங்களில் கத்தியது நான்தான். அவர் கத்தவில்லை. ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் மலையேறி, நீள நோட்டைச் செல்லம்மாவின் மகளிடம் கொடுத்தார்.

"இனிமே இது உங்க வூட்லயே இருக்கட்டும். நீ எழுது. நாங்க வந்து எதுனா பாத்தா எங்க பேரையும் போடு."

சாயங்காலப் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி திரும்பினார்.