மூணாவது பாட்டுல வந்த இடி

இன்னிக்கு மத்தியானம் உப்பளத்துல பாத்திக்குத் தண்ணி திருப்பிவிட்டுட்டே, போன வாரம் வந்த, தொண்ட கிழியக் கத்திப் பாடற ஒரு ப்ராக்ரஸிவ் டெத் மெட்டல் ஆல்பம் கேட்டுட்டிருந்தேன். இந்த வருஷம் கேட்டதுல இதான் பெஸ்ட்.

மூணாவது பாட்டு நடுவுல இடி இடிச்சுது. என்னா ரெக்கார்டிங்னு தலைய ஆட்டிக்கிட்டு சவுண்ட கூட்டினேன்.

தூரத்துல கொட்டாய்லேந்து, கூட வேல செய்யற ரோஸி அக்கா சும்மாட்டுத் துணிய வீசினாங்க. டீ வந்துடுச்சு போலன்னு நானும் கைய ஆட்டினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். உப்பு வாரிட்டிருந்த அத்தனை பேரும் கொட்டாய்க்குள்ள இருக்காங்க. வெட்டவெளியில, கணுக்கால் தண்ணியில நான் ஒருத்தன்தான்.

பாத்தி மொத்தமும் ஒரு தடவ வெள்ளையா மின்னுச்சு. அடுத்த இடி காதுல கேக்கல, கால்ல தெரிஞ்சுது. ஓடினேன். வரப்பு வழுக்குது, காதுல அந்தப் பாட்டுக்காரன் இன்னும் கத்திட்டிருக்கான்.

"எவ்ளோ நேரமா கத்துறோம், காதுல என்னத்த மாட்டியிருக்க?"

அக்கா ஒரு பக்க இயர்பட புடுங்கி, தன் காதுல வெச்சு பத்து செகண்ட் கேட்டாங்க.

"இவனும் ஓடியாடான்னுதான கத்துறான். அதுகூடவா கேக்கல?"

நாலாவது பாட்டு இன்னும் கேக்கல.

இடி சத்தமே இல்லாத மெட்டல் ஆல்பம் இருந்தா கமெண்ட்ல போடுங்க. நாளைக்கும் வேலைக்குப் போவணும்.