திரேசா அக்கா தைத்த கரவன் குஷன்கள்

திரேசா அக்கா போய்விட்டார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் மெசேஜ் வந்தது... காரை ஓரமாக நிறுத்தினேன்.

புவாண்ட்-கிளேர் வேர்ஹவுஸில் ஒன்பது வருடம் எங்களோடு பாக்கிங்கில் நின்றவர். மன்னார்க்காரி. அதற்கு முன்னர் ஒரு சோஃபா தொழிற்சாலையில் தையல் வேலை. அது எனக்குத் தெரியவந்ததே என்னுடைய முட்டாள்தனத்தால்தான்.

மூன்று வருடத்துக்கு முன், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கரவன் ஒன்றை வாங்கிவந்தேன். காருக்குப் பின்னால் இழுத்துப்போய், ஏரிக்கரையில் நிறுத்தி, பிள்ளைகளோடு அதற்குள்ளேயே படுக்கலாம் என்று ஒரு கனவு. உள்ளே இருந்த குஷன்களில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

மனைவி சுதா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்குள் இதில் மனிதர் இருக்கக்கூடியதாக வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள் என்றாள். பேஸ்மென்ட் தரை, குசினிக் கதவு என்று நான் கைவைத்துக் கெடுத்தவற்றின் பட்டியல் ஏற்கெனவே நீளம்... அவளைக் குறைசொல்ல முடியாது.

குஷன் மாற்றுவதற்குக் கடையில் சொன்ன விலை கரவனின் விலையைவிடக் கூட. லஞ்ச் நேரத்தில் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, பழைய உறையளை எறிஞ்சுபோட்டியோ?"

இல்லை என்றேன். "எறியாதை. அதுதான் அளவு."

அந்தச் சனிக்கிழமையே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, இரண்டு பஸ் மாறி!

எல்லாவற்றுக்கும் புது ஃபோம் வாங்க விடவில்லை. எலி கடித்த இரண்டை மட்டும் குப்பைக்கு அனுப்பினார். மற்றவற்றுக்கு நாற்றம் போக வினாகிரி தெளித்து வெயிலில் காயவைத்தோம். முதுகு சாய்கிற ஃபோம் அவ்வளவாக நசுங்கியிருக்காது, அதை இருக்கைக்குப் போடு, நசுங்கினதை முதுகுக்கு வை என்றார். இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்கு எட்டவேயில்லை.

பிறகு எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராக அதில் இருத்திப் பார்த்தார், படுக்கவைத்தும் பார்த்தார். மகள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றுகூட விசாரித்தார். அளவு நாடா அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

முதல் உறை தைத்து முடிந்ததும் ஃபோமை உள்ளே தள்ள முடியாமல் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதை ஒரு குப்பைப் பைக்குள் போட்டு, வாக்யூம் கிளீனரால் காற்றை உறிஞ்சினார்... ஃபோம் தோசை மாதிரித் தட்டையாகிவிட்டது. உறைக்குள் சுகமாகப் போனதும் பையைக் கிழித்து இழுத்தார், குஷன் பொம்மென்று எழும்பியது. பிள்ளைகள் இருவரும் "ஆன்கோர், ஆன்கோர்" என்று இன்னொருதரம் செய்யச் சொல்லிக் குதித்தார்கள்.

துணி, சென்-உபேர் தெருக் கடையொன்றில் எடுத்த கடைசி மிச்சம். ஒரு சாண்கூட மேலதிகமாக இல்லை.

இடப்பக்க இருக்கையும் வலப்பக்க இருக்கையும் பார்க்க ஒன்றுபோலத்தான். ஆனால் அலுமாரிக்கு இடம் விட ஒன்றில் இடது மூலையும் மற்றதில் வலது மூலையும் வெட்டுப்பட்டிருக்கும். ஞாயிறு பூசை முடித்து வந்து வெட்டுவோம் என்று அக்கா சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை... முந்திரிக்கொட்டை! ஒரே பழைய உறையை வைத்து இரண்டையும் வெட்டிவிட்டேன். இரண்டுமே இடப்பக்கம்.

அக்கா வந்து பார்த்தார். ஏசவில்லை. நிலத்தில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, அந்த மூலைக்கு ஒட்டுப்போடத் தொடங்கினார். தேத்தண்ணியோடு இறங்கிவந்த சுதா அதைக் கண்டுவிட்டு, இது யார் பார்த்த வேலை என்று கேட்டாள். கத்தரிக்கோல் இன்னும் என் கையில்.

"நான்தான் பிள்ளை, மாறி வெட்டிப்போட்டன்," என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

அந்தக் கோடையில் கரவன் ஏரிக்குப் போனது. விற்கவில்லை. அக்காவும் ஒருநாள் வந்து, மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒட்டுப்போட்ட மூலையிலேயே இருந்தார். "அக்காவின்ர டிசைன்" என்று சுதா ஒவ்வொரு முறையும் பகிடிவிடுவாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு மட்டும் உள்ளே குத்தும்.

இன்று பின்னேரம் சுதாவிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று வருடம் கழித்து. அழுதுகொண்டு நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். கத்தரிக்கோல் உங்கட கையிலதானே இருந்தது... நானும் அக்காவும் இவ்வளவு நாளும் சிரிச்சது உங்களைப் பார்த்துத்தான்."

சந்தோசமாய்ப் போயிட்டு வாங்கோ அக்கா.