புரட்டாசியில மாட்டுன புரோட்டீன் உருண்டை

அடுப்பே பத்த வெக்காம செய்யறதுக்குப் பேரு பலகாரமான்னு சிரிக்கறீங்களே சம்மந்தியம்மா, கை நோவ உருட்டிப் பாத்தாத்தானுங்க இந்தத் தொழிலோட அருமை தெரியும். "மில்லு ஆபீஸ் வேலைய உட்டுப்போட்டு எம்பொண்ணு உருண்டை உருட்டறா"ன்னு கொமாரபாளையம் பூராஞ் சொல்லிட்டீங்களாமே. சொல்லுங்க. உங்க பொண்ணு கவிதா, அதாவது என்ற மருமவ, இங்க நாமக்கல்லுல ஒரு ஜிம்முக்கு புரோட்டீன் உருண்டை போடறா. அந்த ஒரு ஆர்டர்லதான் எங்க தொழிலே நிக்குது. பொட்டுக்கடலை மாவு, வறுத்த கடலை, பேரீச்சம்பழம், எள்ளு. அரைச்சு, பெசஞ்சு, உருட்டி, பிரிட்ஜுல வெச்சா முடிஞ்சுது. கேக்க நெம்ப சுளுவா இருக்குதுல்ல? ஊட்டுல உருட்டிக் கைவலி கண்டவங்க எல்லாரும் இப்படி ஒக்காருங்க, நாங்க பட்டதைச் சொல்றேன்.

நெய்யி

நெய்யில்லாம இனிப்புப் பண்டம் செய்ய எனக்கு மனசே வரலீங்க. கவிதா கடைக்குப் போன சமயம் பாத்து ஒரு சொம்பு ஊத்திட்டேன். ராசிபுரத்து நெய்யி, என்ற தங்கச்சி குடுத்துவிட்டது. அவ கல்யாணத்துல பந்தியில நெய்யி பத்தலேன்னு மாப்ளையோட மாமன் எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சிட்டாரு. பொறவு அவரக் கூட்டியாந்து ஒக்கார வெக்கறதுக்குள்ள... செரி, அது கெடக்குது. உருண்டை போன மறுநாளே ஜிம்மு மாஸ்டர் போன் பண்ணிட்டாரு. "ஆத்தா, நான் பசங்கள எளைக்க வெக்கப் பாக்கறேன், நீங்க மாப்ள ஊட்டு விருந்து வெக்கறீங்களே!"

லாரி

பக்கத்தூட்டு முருகேசு லாரி ஓட்டறவரு. வடக்க போறப்ப பசிக்கு ஆகட்டும்னு ஒரு டப்பா குடுத்துவிட்டேன். பிரிட்ஜு இல்லாம வெக்கக்கூடாதுன்னு சொல்ல மறந்து போச்சு. வெயில்ல எல்லாம் ஒண்ணா ஒட்டி, குளுருல கல்லா இறுகிப் போச்சாம். திரும்பி வந்த மனுசன் வாசல்லயே நின்னு சொன்னாரு: "உருண்டைன்னு எடுத்துட்டுப் போனேனுங்க, நாக்பூர்ல தொறந்தா பூசணிக்கா. கிளீனரு ஜாக்கி லீவர் வெச்சுத்தான் ஒடைச்சான்!"

புரட்டாசி

இதுலதான் கவிதா அழுதுபோட்டா. ஜிம்முக்குப் போற ஒரு பையனோட அம்மா செல்வி, புரட்டாசி சனிக்கிழமை நாமம் போட்ட நெத்தியோட வந்து நின்னுச்சு. ஒரு டப்பாவ எம் முன்னால வெச்சுது. "இதுல புரோட்டீன்னு போட்டிருக்குது. நாமக்கல்லுக்காரிக்கு புரோட்டீன்னா முட்டைன்னு தெரியாதா? விரத மாசத்துல எம்பையனுக்கு முட்டைய உருட்டிக் குடுத்திருக்கறீங்களே!"

முட்டையே இல்லைன்னு கவிதா எத்தனையோ சொல்லிப் பாத்தா. செல்வி கேக்கல. மத்த அம்மாமாருங்களும் சேந்துக்கிட்டாங்க. மாஸ்டரும், "புரட்டாசி முடியட்டும், இப்பத்திக்கு நிறுத்திக்கலாம்"னுட்டாரு. ஒரு மாசம் நின்னா வேற ஆளுகிட்ட போயிருவாருங்க. மில்லு வேலையவே திரும்பக் கேக்கலாம்னு கவிதா பழைய மேனேஜருக்குப் போன் போடப் போனா. நான் செல்வி ஊட்டுக்கு நேராப் போயி, "வா அம்மிணி, நீயே உருட்டு. முட்டை இருந்தா நீயே கண்டுபிடி"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

கையக் கழுவிட்டு ஒக்காந்துச்சு. ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து மோந்து பாத்துச்சு. பேரீச்சம்பழத்துல கொட்டை எடுத்துச்சு, கடலைத் தோலப் பொடச்சுது. தட்டு நெறைய உருட்டுன பொறவு, அதுல பாதியத் தூக்குச்சட்டியில போட்டுட்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கெளம்பிருச்சு. படைச்சுப் பிரசாதமாக் குடுத்ததுல ஒண்ணு கூட மிஞ்சலையாம். சாயந்தரம் போன்ல மாஸ்டரையே அதட்டுது: "சாமிக்கே படைச்சாச்சுங்க, உங்க பசங்களுக்கு என்ன கேடு? ஆஞ்சநேயரு தோளப் பாத்தீங்கல்ல, நாளைக்கே ஆர்டரப் போடுங்க!"

ஆர்டர் வந்துருச்சு, கூட கோயிலுக்குப் படைக்க அம்மாமாருங்க ஆர்டரும் வந்துருச்சு. இப்ப அதே உருண்டைதானுங்க, ஜிம்முக்குப் போற டப்பாவுல புரோட்டீன்னும் கோயிலுக்குப் போறதுல சத்துருண்டைன்னும் ஒட்டறோம், ரெண்டு எடத்துலயும் வாங்கறவரு ஒடம்பு கல்லாட்டந்தான் இருக்குது.

ஏ கவிதா, பிரிட்ஜுல இருக்கற தட்ட எடுத்துட்டு வா சாமி, உங்கம்மா இன்னும் ஒண்ணு கூட வாயில போடல!