தேங்காய்ப்பால் ஊற்றிய ஃபிஷ் பை

எங்கள் வீட்டு அடுப்புக்குக் கீழே கேக், ரொட்டி சுடும் அவன் ஒன்று உண்டு. வளைகுடாவுக்கு வந்து அப்பாசியாவில் இந்த ஃபிளாட்டை எடுத்த நாளிலிருந்து அதற்குள் எதுவும் வெந்ததில்லை. தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்களும்தான் அதற்குள் குடியிருந்தன. எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டு அவனைத் திறந்தாலும் இதே கதைதான். போன வெள்ளிக்கிழமை அத்தனையையும் வெளியே இழுத்துப் போட்டேன். என் மகளுக்கு ஃபிஷ் பை வேண்டுமாம்.

மீனை வேகவைத்து, முள் எடுத்து, வெண்ணெயும் மாவும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் போட்டு, மேலே மசித்த உருளைக்கிழங்கை மூடி அவனில் வைத்து எடுக்கும் வெள்ளைக்காரச் சாப்பாடு அது. புளி கிடையாது, மிளகாய் கிடையாது. நான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவள். அதை மீன் சாப்பாடு என்று சொல்லவே எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க என் மகள் இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறக்கவில்லை. அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

மேல் மாடி ஆன்ட்டி செத்துப்போனதுதான் காரணம். மங்களூர்க்காரி. எங்கள் கட்டடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. அதற்கு முன்னால் ஏதோ ஒரு இங்கிலீஷ்காரக் குடும்பத்தில் சமையலுக்கு நின்றவள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவருக்குப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை, வீட்டில் இருக்கும் நாளை விட இல்லாத நாள்தான் அதிகம். நடக்கப் பழகிய வயதிலிருந்து என் மகள் அவள் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் டியூட்டிக்குப் போகும்போது படியேறிக் கொண்டுபோய் விடுவேன், வந்ததும் தூக்கிக்கொண்டு இறங்குவேன். போன வருடம் விசா முடிந்து ஊருக்குப் போனவள், அங்கேயே மாரடைப்பில் போய்விட்டாள். சேதி அந்த வாரத் தொடக்கத்தில்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி லீவு கேட்டேன். "யார் இறந்தது? உங்க அம்மாவா?" என்று கேட்டார் மேலதிகாரி. இல்லை என்றேன். "மாமியாரா?" அதுவும் இல்லை. மகளைப் பார்த்துக்கொண்ட அம்மா என்று சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே கூனிக் குறுகிப்போனேன். கடைசியில் இன்னொரு சிஸ்டரிடம் கெஞ்சி, அவள் வெள்ளிக்கிழமை ஓய்வை வாங்கிக்கொண்டேன். ஊரான் வீட்டுப் பிள்ளை வார்டில் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் அழும்போது, "மக்ளே, எந்திரிச்சு ஏதாவது தின்னுட்டுப் படு" என்பதைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லு மக்ளே."

"ஃபிஷ் பை. பட் உங்களுக்குத் தெரியாது மம்மி. இட்ஸ் ஓகே."

அந்த இட்ஸ் ஓகேதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மீன்காரன் மகளுக்கு மீன் சமைக்கத் தெரியாதாம்.

என் சமையல் எப்போதும் ஓட்டம்தான். குக்கர் விசிலடிப்பதற்குள் குளித்து, சோறு வடிவதற்குள் யூனிஃபார்ம் போட்டு, சாப்பிடாமலேயே கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன். அன்றைக்கு ஓடுவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் கடைக்குப் போய் முழு ஹமூர் ஒன்று வாங்கினேன். எங்கள் ஊரில் அதைக் கலவா என்போம். முள்ளில்லாமல் கீறித் தருகிறேன் என்றான் கடைக்காரன். வேண்டாம் என்று தலையோடு வாங்கி வந்து, நானே செதிள் உரசி, நானே துண்டு போட்டேன். உருளைக்கிழங்கைக் குக்கரில் போடாமல் திறந்த பானையில் வேகவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கொதிப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

போனில் பார்த்த செய்முறையில் மீனைப் பாலில் வேகவைக்கச் சொல்லியிருந்தது. அந்த இடத்தில்தான் என் கை நின்றது. மீன் தின்ற வாயில் பால் படக்கூடாது, பட்டால் தோலில் வெள்ளை விழும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். நர்ஸிங் படித்தேன், எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கை ஓடவில்லையே. மகளை முதன்முதலில் மேல் மாடியில் விட்ட அன்றைக்கே ஆன்ட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மீன் கொடுத்த நாளில் பிள்ளைக்குப் பால் வேண்டாம். "ஓகே சிஸ்டர். நோ மில்க். ப்ராமிஸ்," என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் முதுகையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு புள்ளி கிடையாது. எல்லாம் என் கண்டிப்பு என்று எனக்குப் பெருமை வேறு.

அதனால் தேங்காய்ப்பால் எடுத்தேன். டப்பாப் பால் இல்லை. தேங்காய் துருவி, அரைத்து, பிழிந்தேன். திரிந்துவிடாமல் தீயைக் குறைத்து, கரண்டியை விடாமல் கிண்டினேன். வாசனை அறை வரைக்கும் போயிருக்க வேண்டும். மீனை அதில் வேகவைத்து முள் எடுத்து, மேலே கிழங்கை மூடியபோது அவள் அறைக் கதவு திறந்தது. வீங்கிய கண்ணோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"கோடு போடலியா?"

"என்ன கோடு?"

முள்கரண்டியை எடுத்து, மசித்த கிழங்கின் மேல் மீன் செதிள் மாதிரி வளைவு வளைவாக இழுத்தாள். மூலைக்கு வந்ததும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் படம் வரையும்போது செய்தது போல. அவள் சின்னப் பிள்ளையில் படம் வரைந்ததை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள். பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டு, இருவரும் அவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மேல்பகுதி சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தோள் என் தோளில் பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கரண்டியை வைத்தாள்.

"நல்லாருக்கு மம்மி. பட் இது வேற."

"தேங்காப்பாலு மக்ளே. அதான் வித்தியாசம்."

"ஆன்ட்டி மில்க்லதான் பண்ணுவாங்க."

 அவள் தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த கிழங்கை விரலால் வழித்தாள். இனி யாருக்காக ரகசியம் காக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல.

"எவ்ரி ஃப்ரைடே பண்ணுவாங்க. மம்மிகிட்ட சொல்லாத, மம்மி பயப்படுவாங்கன்னு சொன்னாங்க. இட் வாஸ் அவர் சீக்ரெட்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். நான் வார்டில் நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். இறங்கி வரும்போது வாயைத் துடைத்துத்தான் அனுப்பியிருப்பாள். நான் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் இந்தப் பிள்ளை அவளிடம் போய்ச் சொல்லியிருக்கும், இருவருமாகச் சேர்ந்து சிரித்திருப்பார்கள். செத்தவளைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். குற்றவுணர்ச்சி எல்லாம் எனக்கு இல்லை. நான் ஊர் சுற்றவா போனேன்? அவள் வீட்டு வாடகையிலும் என் டியூட்டிச் சம்பளத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் ஒரு கட்சி, நான் வெளியாள். 

எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். டீக்கு வாங்கி வைத்த பால் இருந்தது. மீனில் பாதி மிச்சம் இருந்தது. மறுபடியும் கிழங்கு வேகவைத்தேன்.

இந்தத் தடவை அவளே பக்கத்தில் நின்றாள். "கொஞ்சம் ஜாதிக்காய் போடுவாங்க மம்மி." "இவ்ளோ உப்பு போட மாட்டாங்க." "அவிச்ச முட்டைய நாலா வெட்டிப் போடுவாங்க." அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பாலில் மீன் துண்டுகள் இறங்கியபோது குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். என் அடுப்பில், என் கையால், செத்தவள் சமைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது அது வெந்து இறங்க.

மகள் முதல் வாயிலேயே அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், அழுதுகொண்டே இன்னொரு முறை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளைச் சாப்பிட வைக்கத்தான் நான் தலைகீழாக நின்றேன், இப்போது சாப்பிடுகிறாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் விலகவில்லை, சாயவும் இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு ஸ்பூனை எடுத்துக் கையை நீட்டினேன். அவள் பதறிப்போய்ப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேண்டாம் மம்மி. இதுல மில்க் இருக்கு," என்றாள், வெகு அக்கறையோடு. ஆறிப்போயிருந்த தேங்காய்ப்பால் ஃபிஷ் பையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

நான் அதைச் சாப்பிட்டேன்.