தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்த கூட்டம்

எங்கள் கிளப்பில் நிஜ டாக்டர் ஒருவர் இருக்கிறார். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். வெளியே அவரைப் பார்க்க டோக்கன் வாங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் கிளப்புக்குள் அவரை யாரும் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பட்டம் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். காதில் ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு என்ஜின் மேல் குனிந்து நிற்பதைப் பார்த்து யாரோ ஒருநாள் கிண்டலாக டாக்டர் என்று சொல்ல, அதுவே ஒட்டிக்கொண்டது. நிஜ டாக்டரை நாங்கள் குழந்தை டாக்டர் என்போம். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு.

கிளப் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் செய்த பழைய கார்களை வைத்திருப்பவர்களும், வைத்திருக்க வசதியில்லாமல் சும்மா அவற்றைச் சுற்றிச் சுற்றி வருபவர்களும், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு மரக்கடையின் பின்பக்கத்து ஷெட்டில் கூடுவோம். தரையில் எண்ணெய் சொட்டினால் மரக்கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால், வண்டியை நிறுத்தியதும் ஆளுக்கொரு தகரத் தட்டை அடியில் தள்ளிவிட வேண்டும். நான் பேக்கரி நடத்துகிறேன். அப்பா விட்டுப்போன மாரிஸ் மைனர் ஒன்று என்னிடம் இருக்கிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே என்னைப் பிடித்துச் செயலாளராக்கிவிட்டார்கள்.

டாக்டரின் வித்தை இதுதான். சில கார்களில் என்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் இரண்டு இருக்கும். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். டாக்டர் குழாயின் ஒரு முனையை முதல் கார்புரேட்டரின் வாயில் வைப்பார், மறுமுனையைக் காதில். காற்று இழுபடும் 'உஸ்' சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு இரண்டாவது. திருகாணியை ஒரு துளி திருப்பி மறுபடி கேட்பார். இரண்டு சத்தமும் ஒன்றானதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நாங்கள் சுற்றி நிற்போம். இவ்வளவுக்கும் அவருடைய சின்ன ஆஸ்டினில் இருப்பது ஒரே ஒரு கார்புரேட்டர். ஊர் வண்டிக்கெல்லாம் குழாய் வைப்பவருக்குத் தன் வண்டியில் வைக்க வேலையே இல்லை.

காதை வைத்தே பிழைத்த ஆள். எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களை இணைத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆள் பேசாமல் மூச்சு மட்டும் விட்டால்கூட, அது அழுகையா அவசரமா என்று சொல்லிவிடுவாராம். கல்யாணமும் காது வழியாகத்தான் நடந்தது. டாக்டர் என்னைத் தங்கச்சி என்பார், அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி. அவள் பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒருவரிடம் ஒருவர் லைன் கேட்டுக் கேட்டே பழகி, முகம் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். "குரலக் கேட்டு ஆள் நல்ல உயரமா இருப்பார்னு நினைச்சு ஏமாந்துட்டேன்" என்று அண்ணி இன்றும் சொல்வாள். டாக்டர் என் தோள் உயரம்தான் இருப்பார்.

கோளாறு முதலில் தெரிந்தது வக்கீலின் பச்சை எம்.ஜி. காரில். வக்கீல் என்றால் சாதாரண ஆள் இல்லை, ஒரு வார்த்தைக்காகக் கோர்ட்டில் அரை நாள் மல்லுக்கு நிற்பவர். அன்று டாக்டர் வழக்கம்போலக் குழாய் வைத்து, திருகி, சிரித்து, நிமிர்ந்தார். வண்டியோ சளி பிடித்த குழந்தை மாதிரி இருமிக்கொண்டு நின்றது. "இப்ப கேளுங்க, எவ்வளவு அமைதியா ஓடுது!" என்றார் டாக்டர். வக்கீல் வாயைத் திறந்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயிலிருந்து, "பிரமாதம் டாக்டர்!" என்று வந்தது. நாங்களும் தலையாட்டினோம்.

மெல்லிய சத்தங்கள்தான் காதிலிருந்து முதலில் போகுமாம், பேச்சு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்குமாம். குழந்தை டாக்டர் சொன்னார். காது மிஷின் போட்டுக்கொள்ளலாமே என்று அவர் ஒருமுறை பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். "யாருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

ஆக, எங்களுக்குள் ஒரு புது வழக்கம் உண்டானது. ஷெட்டில் டாக்டரிடம் வண்டியைக் காட்டுவது, பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது, கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்துவது, பானெட்டைத் தூக்கி அவர் திருகியதையெல்லாம் திரும்பத் திருகுவது. கடைசி ஆளாக ஷெட்டைவிட்டுக் கிளம்புவது எப்போதும் டாக்டர்தான், அவர் வீடும் எதிர்ப்பக்கம், அதனால் பயமில்லை. வக்கீல் தனியாக ஒரு ரப்பர் குழாய் வாங்கிக்கொண்டார். யாரோ மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். மிச்சமான பன்களை நான் அங்கே எடுத்துப் போவேன். போகப் போக இந்த இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தைவிடக் களைகட்டிவிட்டது. ரொம்ப நல்லவர்கள் நாங்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு வேறு.

ஒரு ஞாயிறு குழந்தை டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியை ஷெட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் மனிதர் எப்படி வண்டி ஓட்டுவார் என்ற கவலையில், அதைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் நடந்தே பின்னால் வந்திருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை. நான்கு கார்கள், நான்கும் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. வக்கீல் காதில் குழாயோடு குனிந்திருக்கிறார். நான் ஒரு கையில் பன்னும் மறுகையில் திருப்புளியுமாக நிற்கிறேன். நிமிர்ந்தால் எதிரே டாக்டர்.

"பெட்ரோல்ல அழுக்கு டாக்டர்" என்றார் வக்கீல். கோர்ட்டில் இதைவிட நன்றாகப் பேசுவார் என்று நம்புகிறேன்.

"நாலு வண்டியிலயுமா?"

டாக்டர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். கண்ணாடியைப் பத்திரமாக மட்கார்டின் மேல் வைத்தார். தன் ஆஸ்டினைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்துபோய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நாங்களும் அன்று வண்டிகளை நிறுத்தினோம், தட்டுகளைத் தள்ளினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், சீக்கிரமே கிளம்பிவிட்டோம். தொட்டிக்குப் பின்னால் யாரும் போகவில்லை. சில நாள் கழித்து அண்ணி பேக்கரிக்கு வந்தாள். ரொட்டி வாங்க வரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அந்த வண்டிய யாருக்காவது குடுத்திடச் சொன்னார்மா. கிளப்பும் இனிமே வேண்டாமாம். நாள் பூரா பால்கனியில உக்காந்து ரோட்டப் பாத்துட்டு இருக்கார்."

"உங்ககிட்டயாவது பேசறாரா அண்ணி?"

"பேசறார். நான் பேசறது அவருக்கு எவ்வளவு கேக்குதுன்னுதான் தெரியல. நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல." முந்தானையால் கண்ணாடி அலமாரியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "எல்லாரும் சத்தமா பேசுங்கறாங்க. என்னால முடியல. கத்தினா அது என் குரலே இல்லையேம்மா. அவர் கேட்டு ஆசப்பட்டது அந்தக் குரல் இல்லையே."

கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மாவு அப்பிய கையோடு அண்ணி கூடவே கிளம்பினேன். மூன்றாவது மாடி. டாக்டர் பால்கனி நாற்காலியில் இருந்தார். சவரம் செய்யாத முகத்தோடு அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணி எனக்கொரு நாற்காலி போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள்.

"வண்டிக்கு ஆள் கெடச்சாச்சா தங்கச்சி?"

"எதுக்குண்ணா குடுக்கணும்?"

"என்ன?"

"எதுக்குக் குடுக்கணும்னு கேட்டேன்!"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "குழாய வெச்சா ஒண்ணுமே கேக்கல தங்கச்சி. ரெண்டு பக்கமும் ஒரே அமைதி. முன்ன கேட்ட ஞாபகத்துலதான் திருப்பிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னிக்கி மாட்டிக்குவோம்னுதான் நினைப்பேன். நீங்கல்லாம் பிரமாதம் பிரமாதம்னீங்க. சரி, காது போனாலும் கை மறக்கலன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து இவகிட்டக்கூட பெருமையா சொன்னேன்."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஊர் கூடி அவரை முட்டாளாக்கியிருக்கிறோம். மற்றவர்களுக்கு அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் குணம். அன்று அந்தக் கோபமும் வரவில்லை.

"நீங்க வராம எங்களுக்கு நல்லாவே இல்லண்ணா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"என்ன?"

"நீங்க வராம நல்லா இல்லைன்னேன்!"

"என்ன தங்கச்சி?"

இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் மெதுவாகச் சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

"பொய்தான் சொன்னோம்! தப்புதான்! உங்க மூஞ்சி வாடிடக் கூடாதேன்னு சொன்னோம்! உங்க காதுக்காக யாரும் அங்க வரலண்ணா, உங்களுக்காக வந்தோம்! நீங்கன்னா எங்களுக்கு உசுருண்ணா!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு அம்மாள் ஈரத் துண்டோடு எட்டிப் பார்த்தாள். கீழே ரோட்டில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி மேலே பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளே டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "வக்கீல் வண்டி இப்ப எப்படி ஓடுது?" என்றார்.

பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "இருமுதுண்ணா! நீங்க திருப்பினாலும் இருமுது, அவர் திருப்பினாலும் இருமுது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று நான் ஆராயவில்லை.

"இப்பதான் உண்மையப் பேசற. வண்டிய யாருக்கும் குடுத்துடாத. ஞாயித்துக்கிழமை வர்றேன். குழாய அந்த வக்கீல் கையிலயே குடு. அவன் கேக்கட்டும், நான் பக்கத்துல நின்னு திட்டறேன்."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வாசல்வரை வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் முன்ன எழுந்து நின்னு கத்தினப்ப கடைசியா என்னமோ சொன்னியே. எனக்குச் சரியா கேக்கல."

அண்ணி அவருக்குப் பின்னால் நின்றாள். சத்தத்தை உயர்த்தாமல், தன் குரலிலேயே சொன்னாள். "நம்பாதம்மா. மொத தடவையே கேட்டுடுச்சு அவருக்கு."

"இல்லவே இல்ல" என்றார் டாக்டர், திரும்பிப் பார்க்காமலே.

படியில் இறங்கப் போனவள் நின்று திரும்பி, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னேன்.